முன்கதவுப் பிணைச்சல் மாற்றப் போய் நான் பட்ட பாடு

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் ஆறரை மணி. எங்கள் வீட்டு முன்கதவு விறாந்தையில் மல்லாந்து கிடக்கிறது. என் இடது கால் பெருவிரல் நகம் கறுத்து வீங்கிவிட்டது. கையில் கிடைத்த துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். உள்ளே 74 வயது மாமியும் 9 வயது மகளும். கணவர் டோஹாவில் வேலை. இருட்டிக்கொண்டு வருகிறது, ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாரும் திறந்த வாசலுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு பிணைச்சல் (கதவுக் கீல்) மாற்றுகிற வேலைதானே என்றுதான் தொடங்கினேன். தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், காலும் தப்பியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மாமா 1974இல் கட்டியது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரம். உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. கேற் கொளுக்கியைக் கூட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். முன்கதவு பலா மரம், ஏழடி உயரம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. அதன் பாரம் 40 கிலோவுக்குக் குறையாது என்பது அதைத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவை மாமா காலத்திலிருந்து மூன்று பித்தளைப் பிணைச்சல்கள் சுமந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் இதைக் கீல் என்பார்கள், எங்களுக்குப் பிணைச்சல், கொழும்புக் கடைகளில் சிங்களத்தில் சரனேரு என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

கதவு ஒரு வருடமாகவே காட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை தரையில் உரசி, எங்கள் சிவப்புச் சீமெந்துத் தரையில் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது. பூட்டின் நாக்கு நிலையில் (கதவுச் சட்டத்தில்) இருக்கும் ஓட்டைக்கு நேராக வராததால், கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் பூட்டுவோம். மாமிக்கு அது ஏலாது என்பதால் நான் வேலையால் வரும்வரை கதவைச் சும்மா சாத்தி வைத்திருப்பார். மேல் பிணைச்சலுக்குக் கீழே நிலையில் தேயிலைச் சாயம் வடிந்த மாதிரி ஒரு கோடு. இதையெல்லாம் நான் பார்த்தேன், பழகியும் போனேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்து பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். இன்னொருவரை மேல் பிணைச்சலைப் பார்க்கச் சொல்லுங்கள். பிணைச்சலின் தகடே மரத்தைவிட்டு அசைந்தால் ஆணிகளின் பிடி போய்விட்டது (நான் ஆணி என்பதெல்லாம் முறுக்கி இறக்கும் திருகாணியைத்தான்). தகடு அசையாமல் நடுக்குழல் மட்டும் ஆடினால் உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்துவிட்டது. முதலாவது என்றால் பிணைச்சலில் பிழை இல்லை, அதன் பின்னால் இருக்கும் மரத்தில்தான் பிழை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நான் இவ்வளவும் செலவழித்தேன்.

ஏன் மேல் பிணைச்சல்தான் முதலில் விடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவின் பாரம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது கீழ்ப் பிணைச்சலை நிலையோடு அழுத்துகிறது, மேல் பிணைச்சலை நிலையிலிருந்து பிடுங்கி இழுக்கிறது. அதனால் கீழே உள்ள ஆணிகள் நாற்பது வருடம் ஆனாலும் இருக்கும், மேலே உள்ள ஆணிகள்தான் எல்லாப் பாட்டையும் படும். கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கும் நிலைக்கும் இடையே உள்ள நீக்கலைப் பார்த்தாலும் தெரியும்: பிணைச்சல் பக்கத்தில் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் மேல் பிணைச்சல் விட்டுக்கொண்டிருக்கிறது.

ஒக்டோபர் கடைசியில், பின்னேரங்களில் இடியும் மழையுமாக இருந்த நாட்களில், கதவு ஊதிப் போய் நிலையில் இறுகிவிட்டது. ஒருநாள் மாமி உள்ளே மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்குமேல் பொறுக்காமல் தெரிந்தவர் மூலம் ஒரு தச்சு பாஸை, அதாவது தச்சு வேலைக்காரரை, பிடித்தேன். 3,000 ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு நாலு நாள் கழித்து வந்தார். வாசலில் நின்றபடியே பார்த்தார், தூக்கிப் பார்க்கவில்லை, ஒரு ஆணியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "சரனேரு எல்லாம் பழசு மிஸ், மாற்றத்தான் வேணும்" என்று சிங்களத்தில் சொன்னார். மினுங்குகிற மூன்று இரும்புப் பிணைச்சல்களைக் கொண்டுவந்து, பழைய ஓட்டைகளுக்குள் தீக்குச்சிகளைத் திணித்து, பெட்டியோடு வந்த ஒரு அங்குல ஆணிகளையே அடித்து முறுக்கினார். சீவுளியை எடுத்துப் பூட்டுப் பக்க ஓரத்தையும் அடியையும் சரசரவென்று சீவினார். கதவு வெண்ணெய் மாதிரிச் சாத்தியது. கூலி 5,500, பிணைச்சல் ஒன்று 450 படி 1,350, மொத்தம் 6,850 ரூபாய். போகும்போது பித்தளைப் பிணைச்சல் மூன்றையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "பழசுதானே மிஸ், நான் கொண்டுபோய் எறிகிறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் போய்ப் பத்து நிமிடம் கழித்து மாமி வந்து, "மாமா வாங்கின பிணைச்சல் எங்கை பிள்ளை?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. தொலைபேசி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. பித்தளை எடைக்கு விலை போகிற சாமான். வீட்டிலிருந்து கழற்றும் எதையும் உங்கள் கையில் வாங்கி, ஒரு பேணிக்குள் போட்டு வைத்துவிட்டுத்தான் கூலியைக் கொடுங்கள்.

இந்த வேலையில் இருந்த பிழைகள் எனக்கு ஜனவரியில்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. மழை குறைந்து மரம் காய்ந்தது. மழைக்காலத்தில் ஊதியிருந்த கதவைச் சீவியிருந்ததால், காய்ந்ததும் பூட்டுப் பக்கத்தில் சின்ன விரல் போகிற அளவு நீக்கல் வந்துவிட்டது. இரவில் உள்ளே லைட் போட்டால் வெளியே வெளிச்சக் கோடு விழும். பூட்டின் நாக்கு நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. தள்ளினால் திறந்துவிடும் போலிருந்தது. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அது அதன் இயல்பு. ஆனால் சீவி எறிந்த தூளைத் திரும்ப ஒட்ட முடியாது. மழைக்காலத்தில் கதவு இறுகினால் முதலில் ஆணிகளைப் பாருங்கள், நீக்கலைப் பாருங்கள், சீவுவதாக இருந்தால் காய்ந்த காலம்வரை பொறுங்கள். அதோடு இரும்புப் பிணைச்சல்கள் புது வருடம் பிறப்பதற்குள் கறள் பிடித்துவிட்டன, தீக்குச்சி வைத்த ஆணிகள் கையாலேயே சுற்றுகிற நிலைக்கு வந்து, கதவு பழையபடி தரையில் உரசத் தொடங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே செய்கிறேன் என்று இறங்கினேன். இரண்டு இரவு வீடியோக்கள் பார்த்தேன். அமெரிக்கக்காரர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: மேல் பிணைச்சலில் ஒரு ஆணியைக் கழற்றிவிட்டு 3 அங்குல ஆணியைப் போடு, அது நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இருக்கும் மரத்தூணில் போய்ப் பிடிக்கும், கதவு நிமிர்ந்துவிடும். நல்ல யோசனைதான், அங்கே. அங்கே நிலை என்பது முக்கால் அங்குலப் பலகை, அதன் பின்னால் மரச் சட்டம். எங்கள் வீடுகளில் நிலையே முழு மரம், என் வீட்டு நிலை இரண்டரை அங்குலத் தடிப்பு, அதன் பின்னால் செங்கல்லும் சீமெந்தும். 3 அங்குல ஆணிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இதை நான் எப்போது கண்டுபிடித்தேன் என்றால், கதவைக் கழற்றிக் கீழே போட்ட பிறகு.

அந்தச் சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் தொடங்கினேன். அதுவே முதல் பிழை. முன்கதவில் கை வைப்பதென்றால் காலையில் ஒன்பது மணிக்குள் வையுங்கள். ஏதாவது பிழைத்தால் கடை திறந்திருக்கும், ஆள் பிடிக்கலாம், வெளிச்சம் இருக்கும். இரண்டாவது பிழை, ஆணிப் பிரச்சினைக்கு முழுக் கதவையும் கழற்றியது. கதவை அதன் இடத்திலேயே நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்துக்கொண்டு, ஒரு பிணைச்சலை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மற்ற இரண்டும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு ஆளே செய்து முடிக்கலாம். எனக்கு அது தெரியாது. அடியில் பழைய சஞ்சிகைகளை அடுக்கி, கீழ்ப் பிணைச்சலைக் கழற்றினேன், நடுவைக் கழற்றினேன், மேல் பிணைச்சலின் கடைசி ஆணி வெளியே வந்த அந்த நொடியில் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சஞ்சிகை வழுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு கையாலும் தாங்கினேன், ஏலவில்லை. மகள் உள்ளேயிருந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது, "வராதே!" என்று கத்திக்கொண்டே கதவை வெளிப்பக்கம் தள்ளிவிட்டேன். அடி மூலை என் விரலில் இறங்கியது. அவள் இரண்டு அடி முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டு, எப்படியாவது முடித்துவிடலாம் என்று நிலையில் புதிய ஆணிகளை இறக்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் இரவல் வாங்கிய ட்ரில் மெசின். முதலாவது ஆணி இரண்டரை அங்குலம் போனதும் நின்றுவிட்டது. மெசின் கர்ரென்று சுற்றுகிறது, ஆணி நகரவில்லை, தலையில் இருக்கும் வெட்டு மழுங்கி வெள்ளையாகத் தூள் கொட்டியது. சீமெந்தில் முட்டி நிற்கிறது என்று விளங்காமல் இன்னும் அழுத்தினேன். டக்கென்று ஆணி முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த ஆறரை மணி.

யாரையும் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. கணவருக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன், அவர் அங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும், அவருக்கும் பதற்றம்தான் மிச்சம். எட்டு மணிக்கு மாமி தானாகவே போய் எதிர்வீட்டு அண்ணாவைக் கூட்டிவந்தார். அவரும் மகனும் கதவைத் தூக்கி வாசலில் சாத்தி நிறுத்தினார்கள். உள்பக்கம் சாப்பாட்டு மேசையையும் கேஸ் சிலிண்டரையும் முண்டு கொடுத்தோம். நான் விடியும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் கதவு மெல்ல அதிரும், நான் எழுந்து மேசையைத் தொட்டுப் பார்ப்பேன். கூப்பிட்டால் வருகிற மனிதர்கள் பத்தடி தூரத்தில் இருக்கும்போது நான் ஒன்றரை மணி நேரம் ஏன் தனியே அழுதுகொண்டு நின்றேன் என்றுதான் அன்று இரவு முழுவதும் யோசித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை என்றார்கள். அதற்கு 7,800 ரூபாய்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே காலி வீதியில் பஸ் ஏறி புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். கொழும்பு 12இல் கட்டட வேலைச் சாமான் என்றால் அந்தப் பக்கம்தான். மூன்றாவதாக ஏறிய கடையில் ஒரு வயதான முஸ்லிம் கடைக்காரர் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் மேசையில் வைத்த கறள் பிடித்த பிணைச்சலைப் பார்த்துவிட்டு, "இது கதவோட வந்த சாமான் இல்லையே தங்கச்சி, பழசு எங்க?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். அவர் சொன்னதுதான் இந்த எழுத்தின் அடிப்படை. "அம்பது வருஷத்துப் பித்தளைக்கு ஒண்டும் ஆகியிருக்காது. பித்தளைக்கு யாரோ இரும்பு ஆணி போட்டிருப்பாங்க. ஆணிதான் செத்திருக்கும்."

வீட்டுக்கு வந்து நிலையில் இருந்த பழைய ஓட்டைகளை டோர்ச் அடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மேல் பிணைச்சலின் ஓட்டைகளைச் சுற்றிப் பலா மரத்தின் மஞ்சள் நிறமே இல்லை. ஒரு சதக் காசு அளவுக்கு மரம் கறுத்து, ஈர்க்குக் குச்சியால் கிண்டினால் கோப்பித் தூள் மாதிரி உதிர்ந்தது. உப்புக் காற்றில் பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கொண்டு இருந்தால் இரும்புதான் வேகமாக அரிக்கப்படும். அரிக்கப்படும் இரும்பு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வடிந்திருந்த அந்தத் தேயிலைச் சாயக் கோடு அதுதான். ஆக, மாமாவின் பிணைச்சல்களை வைத்துக்கொண்டு, ஓட்டைகளை மட்டும் திருத்தி, பித்தளை ஆணி போட்டிருந்தால் போதும். 2,500 ரூபாய்க்குள் முடிகிற வேலை. அன்று எனக்கு விரல் வலியைவிட அந்த நினைப்புத்தான் அதிகமாக வலித்தது.

பிணைச்சல் வாங்குவதில் இரண்டு முறை அலைந்தேன், அதனால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். 4 அங்குலம் என்று கேட்டால் உயரத்தை மட்டும்தான் சொல்கிறீர்கள். விரித்துப் பிடித்தால் அகலம் எவ்வளவு, தகட்டின் தடிப்பு எவ்வளவு, மூலை சதுரமா வளைவா, ஆணி ஓட்டைகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன, இவையெல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு. இதில் ஆகப் பொல்லாதது ஓட்டைகளின் இடம். புதிய ஓட்டை பழைய ஓட்டையில் பாதி ஏறி விழுந்தால், ட்ரில் எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் பழைய பள்ளத்துக்குள்ளேயே சறுக்கும், ஆணி சாய்ந்து போகும், தலை தகட்டுக்குள் உட்காராமல் துருத்தி நிற்கும். ஒன்றில் முழுதாகப் பொருந்த வேண்டும் அல்லது முழுதாக விலக வேண்டும். பழைய பிணைச்சல் கையில் இல்லாத எனக்கு நானா ஒரு வழி சொன்னார்: நிலையில் பிணைச்சல் தகடு உட்காரும் பள்ளத்தின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டு வா. பிள்ளைகள் சில்லறைக் காசைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பார்களே, அதே மாதிரி. அன்று இரவு மகள்தான் செய்தாள். ஒரு கதிரையில் ஏறி நின்று, நான் தாளைப் பிடிக்க, அவள் தேய்க்கத் தேய்க்க பள்ளத்தின் ஓரமும் நாலு ஓட்டைகளும் வெள்ளையாக எழும்பி வந்தன. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவில் அந்தத் தாளோடு போனேன். நானா பிணைச்சல்களை ஒவ்வொன்றாகத் தாளின் மேல் வைத்துப் பார்த்து, ஐந்தாவதை எடுத்துத் தந்தார்.

வாங்கியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 என்கிற தரம், தகடு 3 மில்லிமீற்றர் தடிப்பு, குழலுக்குள் சின்னக் குண்டுகள் வைத்தது. ஒன்று 1,650, மூன்றுக்கும் 4,950. கடலுக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பில் மினுக்குப் பூசியதை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். காந்தம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், இறுக ஒட்டினால் அதை விட்டுவிடலாம். ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் நல்ல தரம் என்று நம்பவும் முடியாது, மலிவான ஸ்டெயின்லெஸ் வகைகள் சிலவற்றிலும் காந்தம் ஒட்டாது. தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள். 304 கூட உப்புக் காற்றில் மேலே கொஞ்சம் பழுப்பு பிடிக்கும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். பிணைச்சல் எந்த உலோகமோ ஆணியும் அதே உலோகமாக இருக்கட்டும். 8ஆம் நம்பர், 2 அங்குல ஸ்டெயின்லெஸ் ஆணி 24, ஒன்று 20 ரூபாய்.

ஓட்டைகளைத் திருத்திய விதம் இது. வியாழக்கிழமை இரவு, சாத்தி வைத்திருந்த கதவை எதிர்வீட்டுத் தம்பி (அந்த அண்ணாவின் மகன்) பிடித்துக்கொள்ள, நிலையின் மேல் பள்ளத்திலும் நடுப் பள்ளத்திலும் இருந்த எட்டு ஓட்டைகளை 10 மில்லிமீற்றர் துளையாக ஒன்றேகால் அங்குல ஆழத்துக்குப் பெருப்பித்தேன். முதலில் கறுப்புத் தூள் கொட்டியது, பிறகு கறுப்பும் மஞ்சளும், கடைசியில் சுத்த மஞ்சளாகச் சுருள் சுருளாக வந்தது. மஞ்சள் வரும்வரை நிறுத்தாதீர்கள், கெட்ட மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. மாமியின் பழைய பலாக் கதிரையின் உடைந்த கால் ஒன்று கிடந்தது. அதைச் சீவி உருண்டையான ஆப்புகள் செய்து, மரப்பசை தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினேன். உள்ளே காற்று அடைபடாமல் இருக்க ஆப்பின் நீளத்துக்கு ஒரு பக்கம் கத்தியால் ஒரு கோடு கீற வேண்டும், முதலாவதில் அதைச் செய்யாததால் பசை என் முகத்தில் தெறித்தது. ஒரு இரவு காயவிட்டு, துருத்தி நின்றதை வாளால் அறுத்து, உளியால் மட்டமாக்கினேன். தீக்குச்சி, பல்லுக்குத்தும் குச்சி எல்லாம் அலுமாரிக் கதவுக்குப் பரவாயில்லை. 40 கிலோவைப் பிடுங்கி இழுக்கும் இடத்துக்கு அது காணாது. ஆப்பின் நார் ஆணியோடு ஒரே திசையில் ஓடுவதால் ஆப்பு மட்டும் ஆணியை முழு இறுக்கமாகப் பிடிக்காது என்பதும் உண்டு. அதனால்தான் 2 அங்குல ஆணி: ஆப்பைத் தாண்டி முக்கால் அங்குலம் நல்ல மரத்தில் போய்ப் பிடிக்கும், சீமெந்திலும் முட்டாது. முறிந்த ஆணியைத் தோண்டப் போகவில்லை, அது நிற்கும் இடம் புதிய ஓட்டைகளுக்கு விலகி இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு எதிர்வீட்டு அண்ணாவும் தம்பியும் வந்தார்கள். தம்பி உயர்தரம் படிக்கிறவன், "அன்ரி, நீங்கள் ஆணியை மட்டும் பாருங்கோ, பாரத்தை நாங்கள் பிடிக்கிறோம்" என்றான். கதவில் பிணைச்சல்களை முதலே பூட்டி வைத்திருந்தேன். கதவை முழுதாகத் திறந்த நிலையில் நிறுத்தி, அடியில் இரண்டு மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, மெல்லத் தட்டித் தட்டி உயரத்தைச் சரியாக்கினோம். மரத்துக்கு மரம் பிடிக்கும், சஞ்சிகை மாதிரி வழுக்காது. முதலில் மேல் பிணைச்சலில் ஒரே ஒரு ஆணி, பிறகு கீழே ஒன்று, நடுவில் ஒன்று. அத்தோடு நிறுத்தி, கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால்தான் மிச்ச ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் முதலே 3 மில்லிமீற்றர் துளை போட்டு, ஆணியின் புரியை மெழுகுதிரியில் உரசிவிட்டு இறக்கினேன். பலா இறுக்கமான மரம், துளை போடாமல் இறக்கினால் ஆணி முறியும் அல்லது நிலை பிளக்கும். கடைசி இரண்டு மூன்று சுற்றை மெசினால் சுற்றாதீர்கள், ஸ்குரூ ட்ரைவரால் கையால் முறுக்குங்கள். எந்த இடத்தில் போதும் என்பது கைக்குத் தெரியும், மெசினுக்குத் தெரியாது.

முதல் தடவை சாத்தியபோது கீழ் மூலை இன்னும் ஒரு மயிரிழை உரசியது. எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. அண்ணா ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிணைச்சல் தகட்டின் அளவுக்கு வெட்டி, நிலைப் பக்கக் கீழ்ப் பிணைச்சலின் பின்னால் வைக்கச் சொன்னார். கீழ்ப் பக்கம் ஒரு அட்டைத் தடிப்பு வெளியே தள்ளப்பட்டதும் பூட்டுப் பக்கம் தானாக மேலே எழும்பியது. இதே அட்டையை மேல் பிணைச்சலுக்குப் பின்னால் வைத்தால் நேர்மாறாக இன்னும் தொங்கும், இடத்தை மாற்றி வைத்துவிடாதீர்கள். கதவு சாத்தும்போது கடைசி நேரத்தில் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தால், ஒன்றில் பள்ளம் ஆழம் கூடிவிட்டது, அதற்கும் அட்டைதான் மருந்து. அல்லது ஏதோ ஒரு ஆணித் தலை துருத்திக்கொண்டு எதிர்த் தகட்டில் முட்டுகிறது. நீக்கல் சரியா என்று பார்க்க வங்கி அட்டை மூன்றைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஓடவிட்டேன், பிணைச்சல் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஓடியது. பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

சீவி அழித்த பூட்டுப் பக்கத்துக்கு மார்ச்சில் தெஹிவளையிலிருந்து இன்னொரு பாஸ் வந்து, மெல்லிய பலாச் சட்டம் ஒன்றை நீளத்துக்கு ஒட்டித் தந்தார். 6,000 ரூபாய். அவர் கதவில் கை வைப்பதற்கு முன் தூக்கிப் பார்த்தார், ஒரு ஆணியைக் கழற்றிப் பார்த்தார், அதைப் பார்த்ததுமே எனக்கு மனம் ஆறியது. பாஸ் ஒருவரைப் பிடிக்கும்போது நீங்களும் இதைக் கவனியுங்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். முதல் பாஸுக்கு 6,850, பிரயோசனப்படாத 3 அங்குல ஆணியும் சில்லறைச் சாமானும் 1,300, ஆஸ்பத்திரி 7,800, பஸ்ஸும் ஓட்டோவும் 2,900, புதிய பிணைச்சல் 4,950, ஆணி, பசை, ட்ரில் முனைகள் 1,800, கடைசிச் சட்டம் 6,000. மொத்தம் 31,600 ரூபாய். ஒன்றரை நாள் லீவு, மேசையை முண்டு கொடுத்துத் தூங்கிய ஏழு இரவுகள் இதில் சேரவில்லை.

எண்ணெய் விஷயம் ஒன்று மறந்துவிட்டேன். கீச்சென்று சத்தம் வந்தால் எங்கள் வீடுகளில் தேங்காய் எண்ணெயைத்தான் விடுவோம். அன்றைக்குச் சத்தம் நிற்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள், அது போதும்.

மாமி இப்போது இரவு ஏழு மணிக்குத் தானே போய்க் கதவைச் சாத்துகிறார். ஒற்றைக் கையால் தள்ளுகிறார், நாக்கு ஓட்டைக்குள் விழுகிற டொக் என்ற சத்தம் எனக்குக் குசினிவரை கேட்கிறது. பித்தளைப் பிணைச்சல்களைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. பின் அறைக் கதவில் அதே காலத்துப் பிணைச்சல்கள் மூன்று இன்னும் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை அவற்றின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பதினெட்டு பித்தளை, ஆறு இரும்பு. ஆறுக்கும் பித்தளை ஆணி வாங்கி வந்தேன். பித்தளை மென்மையான உலோகம் என்பதால், அதே அளவு இரும்பு ஆணி ஒன்றை முதலில் இறக்கிப் புரி வெட்டிக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பித்தளையை இறக்கினேன். மகள் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.